ஓட்டைகளை அடைத்தவன்

கடைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், என் பாறையில் ஓட்டையே இல்லை.

பாறை என்றால் நிஜப் பாறை இல்லை, களிமண்ணில் நான் செய்வது. சீனத்தில் அந்தக் காலத்துப் படித்தவர்கள் தண்ணீர் அரித்த கற்களைத் தேடிப் பிடித்து, எழுதும் இடத்தில் வைத்து ரசிப்பார்களாம். கல் ஒல்லியாக இருக்க வேண்டும், சுருக்கம் விழுந்திருக்க வேண்டும், முக்கியமாக ஓட்டை இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பித்துப் பிடித்துப் பல வருஷமாகிறது. இடுப்பு உயரத்துக்கு ஒன்றை எழுப்பி, உள்ளே கூடாக விட்டு, கண்ட இடத்திலெல்லாம் துளைத்து, சூளையில் வைப்பதற்கு முன்னால் பட்டறையில் காயவைத்திருந்தேன். அது இப்போது வழவழவென்று, புதுவீட்டுத் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் தம்பி. கையில் பூச்சுக் கரணை, முகத்தில் பெருமை.

"எல்லாத்தையும் அடைச்சாச்சுக்கா. பின்பக்கம் நீ கவனிக்காம விட்டதக்கூட அடைச்சிட்டேன்."

அவன் சுவர் பூசும் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்ததிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறான். கால் கூடிவிட்டது, மனசு கூடவில்லை. கரணையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவன் கை மறுபடி எதையாவது தொடாதா என்று நான் ஏங்கிய ஏக்கமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போய்த் தொலைந்ததோ!

"அட அறிவுகெட்டவனே! ஓட்டைக்காகவே செஞ்சதுடா அது! உன்ன யாரு கைய வைக்கச் சொன்னா?"

இன்னும் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் கரணையைத் துடைத்து வைத்துவிட்டு, விந்தி விந்தி நடந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கரணையை அவனாகவே எடுத்திருக்கிறான். வேலை செய்திருக்கிறான். நான் அதை ஒரே கத்தலில் கெடுத்துவிட்டேன்.

"டேய், வாடா இங்க."

"வேணாம்க்கா. நான் தொட்டாலே விளங்காது."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. சமாதானம் சொல்ல எனக்கு வராது. பேசாமல் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போனேன். அவன் அடைத்த ஈர மண் காய்ந்து சுருங்கினால் மொத்தமும் வெடித்துவிடும், அதற்குள் தோண்டி எடுத்தாக வேண்டும். எங்கே தோண்டுவது? நானே போட்ட ஓட்டைகள், ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பாவி, அவ்வளவு சுத்தமாகப் பூசியிருந்தான்.

"எங்கடா அடைச்ச? சத்தியமா எனக்குத் தெரியல. நீ வந்து காட்டலேன்னா இது போச்சு."

அவன் எழுந்து வந்தான். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இங்க" என்றான். நான் கம்பியை நீட்டினேன். அவன் அதை ஒதுக்கிவிட்டுக் கரணை முனையால் தோண்ட ஆரம்பித்தான். மண் கட்டி கட்டியாக வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"இங்க முன்னாடி ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு போட்டா வெளிச்சம் அந்தப் பக்கம் வரைக்கும் போகும்ல?"

பாறையின் கழுத்துப் பகுதி அது. சுவர் ரொம்ப மெல்லிசு. கொஞ்சம் பிசகினாலும் தலை கழன்று கீழே வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போடுடா."

"பயமா இருக்குக்கா. சரிஞ்சிடுச்சுன்னா?"

"எனக்கும்தான் பயமா இருக்கு. போடு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினான். மெதுவாகச் சுற்றிச் சுற்றி அறுத்தான். வட்டமாக ஒரு சில்லு உள்ளே விழுந்தது. பாறை நின்றது.

அவன் குனிந்து அந்த ஓட்டை வழியாக, அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தான்.

"அழுவுறியாக்கா?"

"ஆமாண்டா" என்றேன். "நீ வேலையப் பாரு."