மெம்பர் காதியாரான பிறகு

ஸைனுலாப்தீன் மாகாண சபையில் இரண்டு முறை உறுப்பினராக இருந்தவர்; ஊருக்கு இன்னும் 'மெம்பர்'தான். அந்தக் காலத்தில் கேட்டு வந்த எவரையும் அவர் மறுத்ததில்லை. எவருக்கும் எதையும் செய்து கொடுத்ததுமில்லை. சபை கலைந்து, தேர்தலும் வராமல் இழுபட, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் காதி நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்தார். கிடைத்தும் விட்டது. ஊர் முஸ்லிம்களின் விவாகரத்து வழக்குகளை ஞாயிறுதோறும் தன் வீட்டு முன்மண்டபத்திலேயே விசாரித்தார்.

அன்றைய கோப்பில் ஜுமானாவின் பெயரைக் கண்டதும் கோப்பை மூடிவிட்டு மறுபடி திறந்தார். கணவன் அடிக்கிறான், விடுதலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் கணவன் றிஸ்வி அவருடைய பழைய தேர்தல் ஆள். பல வருடங்களுக்கு முன் இதே மண்டபத்துக்கு அவள் உதடு கிழிந்து ஓடி வந்தாள். றிஸ்வியைப் பகைக்க இவருக்கு மனமில்லை. "பொறுமையா இருங்க மகள், நான் அவனோட கதைக்கிறன்" என்று தன் வாகனத்திலேயே திருப்பி அனுப்பினார். கதைக்கவே இல்லை.

அதை அவள் மறந்திருக்க வேண்டும் என்று காலையிலிருந்து துஆக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கங்கெட்ட பிரார்த்தனை, அது அவருக்கும் தெரியும்.

பக்கத்தில் காதிக்குத் துணையாக வழக்குக் கேட்கும் மூன்று ஜூரிமார் அமர்ந்திருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"அடிச்சதக் கண்ட சாட்சி ஆராவது இருக்காங்களா?"

"ஆருமில்ல மெம்பர். எல்லாம் இவட கற்பனை" என்று சிரித்தான் றிஸ்வி.

ஜுமானா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "காயத்தோட என்னக் கண்டவர் ஒருத்தர் இருக்கார். அவர் சொல்லமாட்டார்."

"பேரச் சொல்லாட்டி வழக்கு நிக்காது மகள்" என்றார் ஒரு ஜூரி.

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். ஸைனுலாப்தீனும் பேசாமல் இருந்தால் வழக்கு தள்ளுபடி. அவருடைய பெயரும் தப்பிவிடும். அவள் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தார். தனக்கும் பயந்துதான் நிற்கிறாள் என்று விளங்கியபோது அவருக்கு முகம் எரிந்தது.

"அது நான்தான்" என்றார். "இந்த வழக்க நான் விசாரிக்கக் கூடாது. வேற காதியாரிட்டப் போகட்டும். நான் வந்து சாட்சி சொல்றன்."

"மெம்பர்!" என்று றிஸ்வி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

ஜுமானா நிமிர்ந்தாள். நன்றி சொல்லவில்லை. மடக்க முடியாத இடது கையை மேசைமேல் வைத்தாள்.

"இது நீங்க திருப்பி அனுப்பின அண்டைக்கு முறிஞ்சது. அதையும் சொல்லுவீங்களா?"