ஆவியில் கரைந்த கையெழுத்து

அந்தப் புத்தகத்தை வெர்னா யாரிடமும் கொடுத்ததில்லை. நான் ஒரு பொய் சொன்னதால் என்னிடம் கொடுத்தார்.

வெர்னா என் நாத்தனார். என் கணவர் வெண்டெல்லைவிடப் பதினாறு வயது மூத்தவர். வெண்டெல்லுக்கு ஒன்பது வயதில் அம்மா லவினியா இறந்துபோனார். டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டே தம்பியை வளர்த்தவர் வெர்னாதான். அம்மா விட்டுப்போன சமையல் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சமைத்துப் போட்டிருக்கிறார்.

லவினியா காலத்தில் எங்கள் வெர்மான்ட் மாநிலத்துப் பெண்கள் பலர் குறிப்பு எழுத வெற்று நோட்டு வாங்க மாட்டார்கள். வீட்டில் யாரும் படிக்காத பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, அச்சடித்த பக்கங்களின் மேலேயே மாவுப் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். லவினியாவின் புத்தகமும் அப்படித்தான். பாதி பத்திரிகைத் துண்டுகள், பாதி அவரே நீல மையில் எழுதிய சீட்டுகள். எல்லாம் சேர்ந்து புத்தகம் தலையணை மாதிரி உப்பியிருக்கும்.

1978 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெர்னா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். திறந்து கிடந்த குறிப்புப் புத்தகத்தில் ஒரு பத்திரிகைத் துண்டின் ஓரம் பெயர்ந்து எழும்பியிருந்தது. அடியில் அச்சில் ஒரு பெயர்: கெசியா.

அது எனக்குத் தெரிந்த பெயர். நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள். நூறு வருஷத்துக்கு முன் எழுதி, பிறகு ஒருவரும் நினைக்காமல் போன பெண்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. ஃபிலூரா டென்னிங் என்பவருக்காக மட்டும் ஆறு வருஷம் செலவழித்திருந்தேன். அவர் எழுதிய மூன்று நாவல்களில் இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதைப் பற்றி இருந்ததெல்லாம் 1857-இல் ஒரு பத்திரிகை அரைப்பத்தியில் செய்த கேலி மட்டும்தான். அந்தக் கேலியில்தான் கதாநாயகி கெசியாவின் பெயர் வந்திருந்தது. மூன்றாவது கிடைத்தால் மூன்றையும் சேர்த்துப் போடுகிறோம் என்று பாஸ்டனில் ஒரு சிறிய பதிப்பகம் சொல்லியிருந்தது.

உண்மையைச் சொன்னால் வெர்னா புத்தகத்தைத் தொடவிட மாட்டார் என்று பயம். வெண்டெல்லுக்காக எல்லாக் குறிப்பையும் பிரதி எடுக்க வேண்டும், சமைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

"நீயா? முட்டை அவிக்கவே கடிகாரம் பார்க்கிற ஆளு, புரொஃபசரம்மா," என்று சிரித்தார். என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். புத்தகத்தைச் சுத்தமான துண்டில் சுற்றித் தந்தபோது சிரிப்பு இல்லை. "நவம்பர்ல நன்றித் திருநாளுக்கு முன்னாடி இது திரும்பி வந்துரணும். அம்மா கைப்பட எழுதினது எங்ககிட்ட வேற எதுவும் இல்ல."

முதலில் குறிப்புகளைப் பிரதி எடுத்துவிட்டுத்தான் மற்றது என்று நினைத்தேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் வெண்டெல் விறகு வாங்கப் போனதும் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பசை இளகட்டும் என்று முதல் பக்கத்தை ஆவியில் காட்டினேன்.

பத்திரிகைத் துண்டுகள் அழகாகக் கழன்று வந்தன. கையெழுத்துச் சீட்டுகள்தான் தாங்கவில்லை. முதல் சீட்டிலிருந்து நீலம் ஒழுகி என் மணிக்கட்டில் இறங்கியதைப் பார்த்தேன். கெட்டிலை அப்போதே இறக்கியிருக்கலாம். ஆனால் கதையில் கெசியா, தன்னை வெறுங்கையோடு விட்ட அண்ணனின் உயிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றாள். நெருப்பில் போடுவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அடுத்த பக்கத்தையும் காட்டினேன். அதற்கடுத்ததையும். வெளியே இருட்டுவதற்குள் நாற்பத்தொரு சீட்டுகளைக் கழற்றியிருந்தேன். கெசியா உயிலை எரிக்கவில்லை.

வெண்டெல் வந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்கச் சீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நீலத் திட்டுகள். நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒரே ஒரு சீட்டில் பாதி வரி மிஞ்சியிருந்தது: 'திராட்சை வேண்டாம், வெ. அழுவான்.' அதை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு," என்றார்.

நான் உடனே போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒஹையோவிலிருந்து ஒரு நூலகத்தின் கடிதம் வந்தது. செப்டம்பரில் நான் கேட்டிருந்த அந்த மூன்றாவது நாவலின் முழுப் பிரதி தங்களிடம் நல்ல நிலையில் இருக்கிறது, படமெடுத்து அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். மூன்று நாள் பொறுத்திருந்தால் போதும். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

வெர்னா துண்டைப் பிரித்தார். புத்தகம் இளைத்துப் போயிருந்தது. நான் பொய்யிலிருந்து தொடங்கிக் கடிதம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் சீட்டுகளை அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தினார்.

"குறிப்பெல்லாம் எனக்கு மனப்பாடம். அதுக்காக அழல," என்றார். "ஓரத்துல அம்மா எங்களைப் பத்தி என்னென்னமோ எழுதியிருப்பா. யாருக்கு எப்ப காய்ச்சல், யாரு எதைத் துப்பினா, அப்படி. கழட்டறதுக்கு முன்னாடி நீ படிச்சியா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல, வெர்னா."

அவர் எழுந்து அடுப்பைக் கிளறப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டே, அந்தப் புத்தகம் அச்சாகி வரும்போது அம்மா பெயர் அதில் இருக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

நன்றித் திருநாளுக்கு வெர்னா வந்தார். வான்கோழியை அவரே அறுத்தார். சோளமாவுப் புட்டிங்கைத் திராட்சை போடாமல் செய்து கொண்டுவந்திருந்தார். எல்லோரிடமும் பேசினார், என்னிடமும் பேசினார். ஆனால் என் பெயரைச் சொல்லி: உப்பை எடு கொரின், கதவைச் சாத்து கொரின். அன்று முழுவதும் ஒரு தடவைகூடப் புரொஃபசரம்மா என்று கூப்பிடவில்லை. அந்தக் கேலி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்ச்சில் முன்னுரை எழுதினேன். ஒஹையோ பிரதி போதும், லவினியாவின் பிரதியைக் குறிப்பிட வேண்டிய அவசியமே இல்லை என்று பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். ஒரு நாள் முழுக்க அந்த யோசனை எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்க முடியாது. பிறகு ஒரு பத்தி சேர்த்து, தட்டச்சு செய்த தாளை வெர்னாவிடம் எடுத்துப் போனேன்.

சமையலறை ஜன்னலோரம் நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடசைத்துப் படித்தார். 'இன்னொரு பிரதி லவினியா ஸ்ப்ரேக் அவர்களின் இல்லத்தில் கிடைத்தது. அதன் மேல் ஒட்டப்பட்டிருந்த குறிப்புகளின் மை மங்கியிருந்தது.'

விரலை அந்த வரியில் வைத்தார்.

"மங்கியிருந்ததுன்னு எழுதியிருக்க. மங்க வச்சது யாரு, புரொஃபசரம்மா?"

ஐந்து மாதமாகக் காத்திருந்த கூப்பிடல் அது. தலையை நிமிர்த்த முடியவில்லை. பால்காரருக்குச் சீட்டெழுத வைத்திருந்த பென்சிலை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே எழுதினேன்:

'அதில் லவினியா ஸ்ப்ரேக் தம் கையால் எழுதிய நாற்பத்தொரு குறிப்புகள் இருந்தன. அவற்றை அழித்தது நான். அழிக்கும் முன் நான் அவற்றைப் படிக்கவில்லை.'