தட்டைச் சுற்றினால்தான் கரண்ட்

ஓசூர் சிப்காட்டில் டெல்சி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் வீட்டிலேயே யாருக்கும் புரிந்ததில்லை. ஒரு சின்னச் சில்லு. அதில் பிளாட்டினப் படலம், அதன்மேல் இரும்பும் நிக்கலும் கலந்த படலம். மைக்ரோவேவைப் பாய்ச்சினால் மேல்படலத்தின் காந்தம் பம்பரமாய்த் தலையாட்டிச் சுற்றும். அது சுற்றச் சுற்ற எலக்ட்ரான்களின் தற்சுழற்சி பிளாட்டினத்துக்குள் தள்ளப்பட்டு, அங்கே போய்க் கரண்டாகும். காந்தம் அசையாமல் கிடந்தால் கரண்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அது அசைய, பக்கத்தில் வைத்த பெரிய காந்தத்தின் பலம் கச்சிதமாக இருக்க வேண்டும்.

ஒரு மாதமாக மீட்டர் முள் செத்துக் கிடந்தது. இன்று பெங்களூரிலிருந்து வாடிக்கையாளர் வருகிறார். முள் அசையாவிட்டால் லேபை மூடிவிட்டு டெல்சியை பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் பூபதி சொல்லியிருந்தார்.

அத்திப்பள்ளி நெரிசலில் வெந்துபோய் வந்து சேர்ந்தார் வாடிக்கையாளர் நஞ்சுண்டப்பா. சூடம் சுற்றாமல் பூபதி எதையும் தொடங்கமாட்டார். லேபுக்குள் நெருப்பா என்று டெல்சி பதறியதை யார் கேட்டார்கள்? ஸ்டோர் முனிவேல் தட்டோடு வந்து, சில்லு பொருத்திய எந்திரத்துக்குச் சூடம் சுற்றினார். தட்டு கிட்டே போனதும் முள் விசுக்கென்று ஏறியது, விலகியதும் விழுந்தது. நஞ்சுண்டப்பா ஷூவைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சூடம் அணைந்ததும் டெல்சி தட்டை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தம்! எந்திரங்களின் மேல் வைத்தால் அதிர்வில் தட்டு நழுவாமலிருக்க முனிவேல் ஒட்டி வைத்ததாம். பெரிய காந்தத்தில் குறைந்த பலத்தை இதுதான் கொடுத்திருக்கிறது. கணக்கு சொன்ன அளவை நம்பி, ஒரு மாதமாக அந்தப் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகாமலே இருந்தாளே, அதைச் சொல்ல வேண்டும். இப்போது கொஞ்சம் ஏற்றினாள். தட்டே இல்லாமல் முள் எழுந்து நின்றது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

விளக்கியதையெல்லாம் நஞ்சுண்டப்பா பொறுமையாகக் கேட்டார். எல்லாம் சரி, இப்போது சூடம் சுற்றிக் காட்டுங்கள் என்றார். முனிவேல் சுற்றினார். பலம் அளவுக்கு மிஞ்சியதில் முள் பொத்தென்று விழுந்தது.

நஞ்சுண்டப்பா பையைத் தூக்கினார். பூபதிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எதையோ தொட்டுட்ட டெல்சி. சாமி கோவிச்சுக்கிச்சு பாரு."

"சாமி இல்ல சார், காந்தம்."

"எதுவா வேணா இருக்கட்டும்மா. ஆர்டர் போவுது."

 பேக்கிங் பிரிவின் அட்டைப்பெட்டிகள் டெல்சியின் கண்ணுக்குள் வந்தன. குமிழைப் பழைய தப்பான இடத்துக்கே இறக்கினாள்.

"இப்ப சுத்துங்கண்ணா," என்றாள்.

முள் ஏறியது. ஆர்டர் கிடைத்தது. எந்திரத்தோடு அந்தத் தட்டும் வேண்டுமாம். நஞ்சுண்டப்பாவுக்கு ஆசை அடங்காமல் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டதில் முனிவேலுக்குக் கை விட்டுப்போனது. கடைசியில் டெல்சியே தட்டை வாங்கி, வாய்க்குள் மாதா ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு சுற்றினாள். முள் அதற்கும் ஏறியது.