உடம்பில்லாத லென்ஸ்

“உலகத்துல இதுவரைக்கும் எடுத்த ஃபோட்டோவுல முக்கால்வாசி தப்பான லென்ஸ்ல எடுத்தது. அத்தனையையும் திரும்ப எடுக்கணும்.”

தம்பி இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, யார் யாரையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு நிற்கவைக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுகிறவனைப் போலச் சுவரைப் பார்த்தான்.

அக்காவுக்கு உலகத்தின் முக்கால்வாசியைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு வேண்டியது பன்னிரண்டே படங்கள். ஃபிலிமில் எடுத்த பன்னிரண்டு படங்களை இருபத்தைந்தாம் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால், புகைப்படப் பள்ளியின் மாலை வகுப்பில் இடம் கிடைக்கலாம். பல் ஆஸ்பத்திரியின் முன்மேஜையில் உட்கார்ந்து நாளெல்லாம் “உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவார்” என்று சொல்லிக்கொண்டிருப்பதிலிருந்து தப்பிக்க அவள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி அது. எட்டு மாதச் சேமிப்பைத் தம்பி கையில் கொடுத்து, “எனக்கு லீவு கிடைக்காது. ஃபிலிம் போடுற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒண்ணும் லென்ஸும் பார்த்து வாங்கிக் குடுடா” என்றாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

வீட்டில் கேமராவைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் அவன்தான். இதுவரை ஒரு ஃபிலிம் ரோல்கூட எடுத்ததில்லை என்பது அந்த ஞானத்தைத் துளியும் பாதிக்கவில்லை. அம்மா அவனை ‘நிபுணர்’ என்று கூப்பிடுவாள். அவன் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டான்.

நாற்பத்தொரு வரிசைகளில் ஓர் அட்டவணை தயாரானது. விலை, எடை, வயது எல்லாம் போட்டு, கடைசிக் கட்டத்தில் ‘உயிரோட்டம்’ என்று எழுதி பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டிருந்தான். ஒரு கேமராவையும் தொட்டுப் பார்க்காமல் எப்படிப் போட்டான் என்று அக்கா கேட்கவில்லை. முதல் வாரம் முழுக்க, கேமராவின் உடம்புதான் முக்கியம், லென்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றான். அடுத்த வாரம் லென்ஸ்தான் எல்லாம், உடம்பு வெறும் டப்பா என்றான்.

“அந்த டப்பாவையாவது வாங்கிக் குடுடா!”

“அவசரப்படுறவங்களை நம்பித்தான்க்கா மட்டமான கேமராவே செய்றாங்க.”

பதின்மூன்றாம் தேதி மாலை, ஒரு சின்னத் தோல் உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு லென்ஸ். அழகான லென்ஸ்தான், அதை யாரும் மறுக்கவில்லை.

“கேமரா?” என்றாள் அக்கா.

“அப்புறம்.”

“மிச்சம் எவ்வளவு இருக்கு?”

சொன்னான். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

“உன்னோட ‘அப்புறம்’ இருபத்தஞ்சுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“இந்த லென்ஸ் இந்த விலைக்கு இன்னொரு தடவை வராதுக்கா. வித்தவர் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.”

“சந்தோஷத்துல வந்திருக்கும்,” என்றாள் அம்மா. “மூக்குக்கண்ணாடி வாங்கிட்டேன், மூஞ்சி அப்புறம் வாங்கிக்கிறேன்னு வந்து நிக்கிறாரு நம்ம நிபுணர்.”

திருப்பிக் கொடுக்கலாமென்றால் விற்றவர் போனையே எடுக்கவில்லை. மறுநாள் அக்கா அரைநாள் லீவுக்காகக் கெஞ்சிக் கூத்தாடி, மிச்சப் பணத்தோடு ரிப்பேர் கடைக்குப் போனாள். நிபுணரும் ஆலோசகராகக் கூடவே போனார்.

கடைக்காரர் பழைய கேமரா ஒன்றை எடுத்து வைத்தார். லென்ஸைக் கழற்ற முடியாது, உடம்போடு ஒட்டிப் பிறந்தது. வெளிச்சம் அளக்கிற மீட்டர் செத்துப்போயிருந்தது. மற்றதெல்லாம் சரியாக ஓடியது.

“மீட்டர் இல்லாம எப்படிங்க எடுக்கிறது?” என்றாள் அக்கா.

“ஃபிலிம் அட்டையிலயே படம் போட்டு நம்பர் குடுத்திருக்கும்மா. வெயிலுக்குப் பதினாறு, மேகத்துக்கு எட்டு. பார்த்து இந்த வெளிச்ச வளையத்தை அந்த நம்பருக்குத் திருப்பிக்க.”

தம்பி சிரித்தான். “சூரியன் படம், மேகம் படம்! ஒண்ணாம் வகுப்புப் பாடம்க்கா அது. அட்டையைப் பார்த்துப் படம் எடுக்கிறவன் நாளைக்கு சோப்பு உறையைப் படிச்சுக்கிட்டே குளிப்பான்.”

“தம்பி என்ன கேமரா வச்சிருக்காரு?” என்றார் கடைக்காரர்.

“லென்ஸ் வச்சிருக்கான்,” என்று சொல்லிவிட்டு அக்கா பணத்தை எண்ணி வைத்தாள். ஒரு ரோலுக்கும் சேர்த்துச் சரியாக இருந்தது. பஸ்ஸுக்கு இல்லை. இருவரும் நடந்தே வந்தார்கள். லென்ஸின் உயிரோட்டத்தைப் பற்றி அவன் வழியெல்லாம் பேசினான்.

முதல் நான்கு படங்களை அவள் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்தாள். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கண் பார்ப்பது ஒரு துளை வழியாக, படம் விழுவது வேறு துளை வழியாக. மூடி போட்டிருந்தாலும் உலகம் பளிச்சென்றுதான் தெரியும். தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஐந்தாவதிலிருந்து தொடங்கினாள். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறவர்களை எடுத்தாள். துளைக்குள் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். இன்னொரு வளையத்தைத் திருப்பி இருவரையும் ஒருவராக்க வேண்டும். வீங்கிய இரண்டு கன்னமும் ஒன்றாகிற நொடியில் அழுத்தினாள். பல்வலிக்காரர்கள் அசைவதில்லை, புன்னகைத்துப் படத்தைக் கெடுப்பதுமில்லை. மேகமென்றால் எட்டு வைத்தாள்.

இருபத்துநான்காம் தேதி பன்னிரண்டு படங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை முதல் வகுப்பு.

“சரியான லென்ஸா இருந்திருந்தா உதவித்தொகையே குடுத்திருப்பாங்க,” என்றான் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காகப் பையை எடுத்துவைக்கும்போது கேமராவைக் காணோம். அலமாரி, கட்டிலடி எல்லாம் துழாவிவிட்டு, “டேய்!” என்று கத்த வாயெடுத்தவள், பின்படிக்கட்டில் அம்மாவின் குரலைக் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்டா நிக்கணும்?”

“பேசாதம்மா.”

அம்மா ஈரத்துணி வாளியோடு நின்றிருந்தாள். நான்கு படி கீழே தம்பி. கழுத்தில் அக்காவின் கேமரா, கையில் அவன் காசில் வாங்கிய ஃபிலிமின் அட்டை. வானத்தைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். மேகம் கொஞ்சம் விலகியதும் மறுபடி வானத்தைப் பார்த்தான். பிறகு அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய், சூரியனுக்கும் மேகத்துக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு, வெளிச்ச வளையத்தைச் சத்தமில்லாமல் ஒரு கோடு திருப்பினான்.