எந்தப் பக்கமும் ஐம்பது கிலோமீட்டர்

…மோதெனா என்று நேற்று ராத்திரியே முடிவாகிவிட்டதே, அப்புறம் ஏன் காலையில் பல் தேய்க்கும்போது ஃபயென்சா வந்து குறுக்கே நின்றது, மோதெனாவில் என்ன இருக்கிறது, ஒரு கோபுரம், ஒரு சந்தை, ஈஸ்டர் திங்களன்று சந்தையும் பூட்டித்தான் கிடக்கும், பதின்மூன்று வயதுப் பெண்ணை அங்கே கூட்டிப்போய் எதைக் காட்டுவது, பூட்டையா, என்று தன்னையே கேட்டுக்கொண்டு எர்மெஸ் பொலோஞா ரயில் நிலையத்தில் புறப்பாட்டுப் பலகைக்குக் கீழே நின்றான். பலகையில் எழுத்துத் தகடுகள் படபடவென்று புரண்டு ஊர்ப் பெயர்களை ஒரு வரி மேலே தள்ளின, இன்னும் ஒரு ரயில் போய்விட்டது என்று அர்த்தம். சுற்றிலும் ஊரே வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் வீட்டில் இருக்கிறவன் ஒன்று காய்ச்சல்காரன், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாதவன். மற்றவர்கள் எல்லாரும் நேற்று மிஞ்சிய லசான்யா, அவித்த முட்டை, சலாமி, எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு, எப்படியும் இன்றைக்கு மழை பெய்யும் என்று திட்டிக்கொண்டே குடையையும் எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவார்கள். எங்காவது. அந்த எங்காவதுதான் அவனிடம் இல்லை.

சட்டைப்பையில் இரண்டு டிக்கெட் மட்டும் இருந்தன. அதிலும் ஊர்ப் பெயர் கிடையாது. சனிக்கிழமை தெருமுனைப் புகையிலைக் கடையில் வாங்கியவை, கடைக்காரி யோலே எந்த ஊருக்கு என்று கேட்டபோது, ஐம்பது கிலோமீட்டருக்குக் குடுங்க, என்று சொன்னான். அங்கே அப்படி வாங்கலாம், தூரத்துக்குக் காசு கொடுத்தால் போதும், கிளம்பும் நிலையத்தில் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொண்டு எந்தத் திசையில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். யோலே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள், அவன் கடையில் அவனே பவர் பார்த்துக் கொடுத்த கண்ணாடி. "எந்தப் பக்கம் கண்ணாடிக்காரரே, வடக்கயா, கிழக்கயா?" எந்தப் பக்கமும், என்றான். "நல்லா இருக்கே கதை. ஊர விட்டுப் போறதுக்குக்கூட ஒரு ஊர் தெரியாம ஒரு மனுஷன்." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்துவைத்தான். ஆனால் வெளியே வந்து அந்த இரண்டு அட்டைகளையும் பையில் வைத்துக்கொண்டபோது நிம்மதியாகத்தான் இருந்தது, வாங்கியாயிற்று, முடிவு செய்யவும் தேவையில்லை, இதைவிட வேறு என்ன வேண்டும். அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை வந்தது.

ஒன்பதரைக்கு மகள் இலாரியா பேருந்தில் வந்து இறங்குவாள். அதற்குள் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இது வெறும் ஊர் சுற்றல் இல்லை, புதன்கிழமைக்கு முன்னால் அவளோடு கிடைக்கிற கடைசி நாள். புதன்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும். அவள் அம்மா மார்ட்சியாவுக்குத் திரியெஸ்தேயில் வேலை கிடைத்துவிட்டது, கப்பல் கம்பெனியில், நல்ல சம்பளம், மே மாதமே போகிறாள், பெண் அம்மாவோடு அங்கே போகிறாளா அப்பாவோடு இங்கேயே இருக்கிறாளா என்பதைப் பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும். அவளே முடிவு பண்ணட்டும் என்று சொன்னது யார், அவன்தான், பிரிந்து போன மனைவியின் சமையலறையில் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு பெருந்தன்மையாகச் சொன்னான். சொல்லிவிட்டு மார்ட்சியா மெச்சுவாள் என்று நிமிர்ந்து பார்த்தான். அவள் மெச்சவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, சரி, அப்படியே ஆகட்டும், என்று கோப்பையை எடுத்துக் கழுவப் போட்டாள். அந்தப் பார்வை என்ன பார்வை? கோபம் என்றால் அவனுக்குத் தெரியும், பன்னிரண்டு வருஷப் பழக்கம். கோபம் இல்லை அது.

ஃபெர்ராரா போகலாம்தான். இலாரியாவுக்குப் பிடித்த ஊர், வாடகைக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டு கோட்டைச் சுவர் மேலேயே ஊரைச் சுற்றி வரலாம், போன வருஷம் ஒரு கையை விட்டு ஓட்டிக் காட்டினாள், அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். ஆனால் அது வடக்கே போகிற பாதை. ஃபெர்ராரா, பாதுவா, வெனிஸ், அப்படியே போனால் திரியெஸ்தே. அந்தத் தண்டவாளத்தில் அவளை அவனே ஏற்றி உட்காரவைப்பதா, ஒத்திகை பார்க்கிற மாதிரி? சீ, தண்டவாளம் என்ன பண்ணும். சரி, ஃபயென்சா. பீங்கான் தட்டுகள், பீங்கான் குடுவைகள், சுவரெல்லாம் பீங்கான், அவளுக்குக் களிமண் பிசையப் பிடிக்கும், அது எட்டு வயதில், இப்போது பிடிக்குமா என்று யாருக்குத் தெரியும், கேட்கலாம், கேட்டால் உங்க இஷ்டம் என்பாள். இந்த மூன்று மாதமாக எதைக் கேட்டாலும் உங்க இஷ்டம். பீட்சாவா பாஸ்தாவா, உங்க இஷ்டம். முன்னெல்லாம் இப்படியா, எலுமிச்சை ஐஸ்கிரீம் இல்லை என்றால் கடைவாசலில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளை. இன்றைக்கு நாள் நன்றாக அமைந்தால் அவள் இங்கேயே இருந்துவிடுவாளோ என்ற எண்ணம் திரும்பவும் தலையை நீட்டியது, அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஒரு நாள் ஊர் சுற்றலைக் காட்டிப் பிள்ளையை வளைத்துப் போடுகிற அப்பன். ஆனாலும் எந்த ஊர் என்றால் இருப்பாள்?

அவன் அப்பா குவால்தியேரோ இப்படியெல்லாம் நின்றதே இல்லை. ஒவ்வொரு ஈஸ்டர் திங்களும் ரேனோ ஆற்றங்கரை, அதே வளைவு, அதே பாறை, மழை பெய்தாலும் அதே பாறை. கடலுக்குப் போகலாமே என்று எர்மெஸ் ஒரு தடவை கேட்டுவிட்டு அன்று முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். தனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று அன்றைக்குத்தான் மனதுக்குள் முடிவு செய்தான், யோசித்துப் பார்த்தால் வாழ்க்கையிலேயே அவன் தானாகச் செய்த முடிவு அது ஒன்றுதான் போல. அதற்கு ஏற்ற மாதிரி தொழிலும் அமைந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, இது தெளிவா, முதல்லதா, ரெண்டாவதா. மார்ட்சியா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், கல்யாணமான புதிதில் சிரிப்பாகத்தான் சொன்னாள், உன்னோட சாப்பிடப் போனாலே எனக்குக் கண்ணுக்குப் பவர் பாக்குற மாதிரி இருக்கு. நடைச்சுவருக்கு வண்ணம் அடிக்கலாம் என்று ஒரு திட்டு மஞ்சளும் ஒரு திட்டு பச்சையும் பூசிப் பார்த்தார்கள், உனக்கு எது பிடிச்சிருக்கு என்று அவன், நீ சொல்லேன் ஒரு தடவை என்று அவள், இல்லை உனக்குப் பிடித்ததுதான் என்று அவன், அந்த இரண்டு திட்டும் அவள் வீட்டை விட்டுப் போகிற நாள் வரைக்கும் அப்படியே இருந்தன. இன்னும் இருக்கின்றன. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை எர்மெஸ், என்றாள் கடைசியில், பெட்டியை மூடிக்கொண்டே. அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் கேட்கவில்லை, எதையும் கேட்கிறவன் அதை மட்டும் கேட்கவில்லை.

போன மாதம் பேக்கரிக்காரர் பேத்தி வந்தாள், ஏழு வயது, சோதனை பிரேமை மாட்டி இதுவா அதுவா என்று போய்க்கொண்டே இருந்தான், திடீரென்று குழந்தை, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, என்று சொல்லி உதட்டைப் பிதுக்கிவிட்டது. தொழிலில் அது தெரிந்த விஷயம், பிள்ளைகள் களைத்துப்போனால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வேறு, அதற்குமேல் கேட்கக் கூடாது, கேட்டால் பொய்தான் வரும். லென்ஸையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, இதுதான் உன் கண்ணாடி, நான் சொல்றேன், என்றான். குழந்தை அப்பாடா என்று கால்களை ஆட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டது. அந்தக் கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது, மணி ஒன்பது இருபத்தெட்டு, மோதெனா ரயில் போயே போய்விட்டது, ஒரு கவலை விட்டது.

"பா." இலாரியா முன்னால் நின்றாள். முடியைக் காதுக்கு மேல் வெட்டியிருந்தாள், அவனிடம் சொல்லவே இல்லை, யார் முடிவு செய்தது, அவளேவா. கையில் குடை, தோளில் பை. "அம்மா முட்டை அவிச்சுக் குடுத்தாங்க. உங்களுக்கு மூணு, எனக்கு ரெண்டு. எங்க போறோம்?" நன்றாக இருக்கிறது முடி, என்றான். "நெஜமாவா? குதிர மாதிரி இருக்குன்னு நெனச்சேன்." சிரித்தாள், முன்பல் தெரிந்தது, இந்தப் பல்லைத் தினமும் பார்க்காமல் எப்படி. "எங்க போறோம்பா?" அவன் டிக்கெட்டுகளை எடுத்து விசிறி மாதிரி விரித்துக் காட்டினான். பாரு, ஐம்பது கிலோமீட்டர், எங்க வேணா போகலாம், ஃபெர்ராரா போனா சைக்கிள் இருக்கு, ஃபயென்சா போனா களிமண், இல்ல வேற எங்கயாவதுன்னாலும் சரிதான், உனக்கு எது பிடிக்கும்? நல்ல பரிசு கொடுத்தவன்போல நின்றான். அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பலகையைப் பார்த்தாள், டிக்கெட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "தெரியலப்பா." சும்மா சொல்லு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு," என்றாள், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

அந்த உதட்டை அவன் எங்கே பார்த்தான். கடையில், நாற்காலியில், சோதனை பிரேமுக்குக் கீழே. எத்தனை நாளாக இந்தப் பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, மூன்று மாதமா, பிறந்ததிலிருந்தா? மார்ட்சியா அன்றைக்குப் பார்த்த பார்வை கோபம் இல்லை, பயம், பிள்ளைக்காகப் பயம், இதைப் போய் அவள் தலையில் கட்டுகிறாயே என்ற பயம், அவளும்தான் கோப்பையைக் கழுவினாளே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை, பெரியவர்கள் இருவருமாகச் சேர்ந்து ஒரு குழந்தையைப் பிடித்து அப்பாவா அம்மாவா என்று… கிழக்கே போகிற ரயிலுக்கு ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தது. அவன் அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டான். "ஃபயென்சா," என்றான், "வா, ஓடு." மஞ்சள் பெட்டியில் இரண்டு டிக்கெட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகினான், அது கடித்துக் கடித்துத் துப்பியது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள், குடை தூணில் இடித்தது, ஓடும்போது சிரித்தாள், அவனுக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது, பார்த்தால் ஃபெர்ராராவே போகலாமா என்று கேட்டுவிடுவோமோ என்று.

ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர் இருக்கையில் காலை நீட்டி முட்டையை உரித்தாள். ரயில் ஊரைத் தாண்டியதும் மழை, எதிர்பார்த்த மழை. களிமண் பிடிக்காமல் போனால்? எல்லாக் கடையும் பூட்டியிருந்தால்? இருக்கட்டும், அது தன் தப்பு என்றே ஆகட்டும். டிக்கெட் பரிசோதகர் வந்து, எங்க, ஃபயென்சாவா, என்றார். ஆமாங்க, என்றான், பெண்ணைப் பார்க்காமலேயே. அவர் போனதும் இலாரியா ஓட்டுத் துண்டுகளைக் காகிதத்தில் சேர்த்து மடித்து, மடித்ததையே திரும்பவும் மடித்தாள். "பா, புதன்கிழமையும் நீங்களே சொல்லிடறீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள், உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. அவன் வாய் பழக்கத்தில் உனக்கு என்று தொடங்கப் போயிற்று, உனக்கு எது நல்லதுன்னு படுதோ, அதைக் கடித்து நிறுத்தினான். அப்படியானால் என்ன சொல்வது, இங்கேயே இரு என்றா, அது குவால்தியேரோவின் பாறை இல்லையா, அம்மாவோட போ என்றா, அதைச் சொல்ல நாக்கு வருமா, இரண்டில் எதைச் சொன்னாலும் அது இனி அவன் சொன்னதாகத்தான் இருக்கும், அவள் இருபது வயதில் திட்டினாலும் அவனைத்தான் திட்டுவாள், தன்னை இல்லை. அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். எத்தனை பேரிடம் உங்களுக்கு எது தெளிவு என்று கேட்டிருக்கிறான், தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டு ஒரு வாக்கியம் சொன்னதாக ஞாபகமே இல்லை, மார்ட்சியாவிடம்கூட, பெட்டியை மூடினபோதுகூட.

"எனக்கு," என்றான். ரயில் இமோலாவில் நிற்பதற்காக மெதுவாகியது, குடையும் கூடையுமாக ஒரு குடும்பம் நடைமேடையில் ஓடி வந்தது.

இலாரியா காலைக் கீழே இறக்கி, நேராக உட்கார்ந்து, அவனைப் பார்த்தாள்.