ராடெனின் பாதிப் பாட்டு

சுகியார்த்தோவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புது ஒலிப்பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பார். வீட்டில் கிணறு இல்லாததால் அது தப்பியது.

"மறுபடியும் கட்டாயிடுச்சு! பாழாப்போன பெட்டி!"

பெட்டி 'டிங்-டுங்' என்று மணியடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. பக்கத்தில் கறுப்புத் துணி போர்த்திய கூண்டுக்குள் பகுஸ் என்ற இளம் சோலைபாடிப் பறவை இறகு உதிர்த்துக்கொண்டிருந்தது. இந்தோனேசியாவின் மலாங் ஊரில் பறவை வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இந்த நாட்களில்தான் கூண்டை மூடி வைத்து நல்ல பாட்டைக் காதில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று. அப்போது கேட்பது ஆயுசுக்கும் நிற்கும். புது இறகு முளைத்துவிட்டால் பாடம் முடிந்தது.

பகுஸுக்கு அவர் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டது ஒரே பாட்டைத்தான். அதன் அப்பன் ராடெனின் பாட்டு. பறவைப் பாட்டுப் போட்டிக்குப் போன இடமெல்லாம் நடுவர்களின் வெற்றிக் கொடியை வாங்கி வந்த ராடென் போன மழைக்காலத்தில் செத்துப்போனது. அன்று சுகியார்த்தோ சோறு தொடவில்லை. அந்தக் குரலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பதிவு. அதைப் பழைய கைபேசியில் வைத்து, ஒரு தகர ஒலிப்பெட்டியில் வயரைச் செருகிப் போட்டுக்கொண்டிருந்தார். அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

கெடுத்தவன் பக்கத்து வீட்டுப் பார்லான். அவனும் பறவைக்காரன்தான்; 'பாக்', அதாவது ஐயா, என்று மரியாதையாகக் கூப்பிட்டே குத்துவான்.

"என்ன பாக், அப்பன் ராஜா மாதிரி பாடினான், புள்ளைக்குத் தகர டப்பாவுலயா பாடம்? நம்ம வீட்டுக்கு வந்து பாருங்க. வயரே கிடையாது, ரூமுக்கு ரூம் பாடுது!"

சுகியார்த்தோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அறைக்கொன்றாகப் புதுப் பெட்டிகள் வந்து இறங்கின. தகர டப்பாவைத் தெருமுனையில் பக்ஸோ என்ற இறைச்சி உருண்டைச் சூப் விற்கும் வண்டிக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அன்று பிடித்தது சனி. பதிவைப் பெட்டி நேராக வாங்காதாம், இணையத்தில் ஏற்றி அங்கிருந்துதான் இறங்க வேண்டுமாம். அதற்கொரு செயலி. செயலியைத் தொட்டால் கைபேசி பழசு என்றது. புதுக் கைபேசி வாங்கினால் பெட்டியைப் புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பித்தால், நேற்றுவரை பழகிய வைஃபையை யாரென்றே தெரியாது என்றது. ஒருவழியாக எல்லாம் கூடிவந்த நாளில் அவர் மனைவி எண்டாங் சமையலறையில் டாங்டுட் குத்துப்பாட்டுப் போட்டாள். அது கூண்டுக்குப் பக்கத்திலும் சேர்ந்து முழங்கியது.

"ஐயோ, நிறுத்துடி! புள்ள கெட்டுப்போயிடும்!"

"எனக்கென்ன தெரியும்? ஒரு பெட்டில போட்டா ஊருக்கே கத்துது. வாங்கின மகராசனைக் கேளுங்க!"

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராடெனின் பாட்டு நீண்ட சீழ்க்கையாக மேலே ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, பிறகு சடசடவென்று கொட்டும். அந்தக் கொட்டலுக்குத்தான் நடுவர்கள் மயங்கினார்கள். பெட்டியோ சரியாக உச்சியில் அறுந்துபோகும். ஏன் என்பது அல்லாவுக்கே வெளிச்சம். டிங்-டுங். செயலியைத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து. விற்ற கடைக்குப் போன் செய்தால், அணைத்துவிட்டுப் போடுங்கள் என்ற ஒரே பதில்.

பொறுக்க முடியாமல் பார்லானைப் பிடித்துக் கேட்டார்.

"எனக்கும் அப்படித்தான் பாக் அறுந்து போகுது. அதுல மழைச் சத்தம் போட்டுக்கிட்டுத் தூங்குவேன். பறவைக்கு இன்னும் பழைய டப்பாதான்."

"அடப்பாவி! அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நெசமாவே போய் வாங்குவீங்கன்னு யாரு கண்டா?"

மானத்தை விட்டு பக்ஸோக்காரரிடம் கெஞ்சித் தகர டப்பாவைத் திரும்ப வாங்கி வந்தார். புதுப் பெட்டிகளைப் பிடுங்கி அலமாரிக்குள் திணித்தார். டப்பா முழுப் பாட்டையும் பாடியது. ஆனால் துணியை விலக்கிப் பார்த்தபோது பகுஸின் வால் இறகு பாதிக்குமேல் வளர்ந்திருந்தது. அவசரமாகத் துணியை இழுத்து மூடி, டப்பாவின் சத்தத்தைக் கூட்டினார்.

ஒருநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது கூண்டுப் பக்கம் ராடெனின் சீழ்க்கை கேட்டது. மேலே ஏறியது. உச்சியில் நின்றது. டிங்-டுங்.

காபி சிந்த எழுந்து கைபேசியைத் தேடினார். "எண்டாங்! அந்தச் சனியனை யாரு எடுத்து மாட்டினது?"

"யாரும் மாட்டல. டப்பாவையும் இன்னும் போடல. துணியைத் தூக்கிப் பாருங்க."

தூக்கினார். பகுஸ் புது இறகு மினுமினுக்க, அப்பனைப் போலவே வாலை நிமிர்த்திச் சீழ்க்கையடித்தது. அச்சு அசல் ராடெனின் குரல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உச்சிக்குப் போனது, நின்றது, அலகைத் திறந்து சுத்தமாக மணியடித்தது. பிறகு, யாரோ செயலியைத் தட்டுவதற்காக, பேசாமல் காத்திருந்தது.

"தட்டுங்களேன் பாக்," என்றாள் எண்டாங். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சுகியார்த்தோ உதட்டைக் குவித்து அந்தக் கொட்டலைத் தானே சீழ்க்கையடிக்கப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. பகுஸ் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கியது.