திருப்பிச் சொல்கிறவன்

அவனுக்கு 'டேப்' என்று பட்டப்பெயர் வைத்தது விடுதி நண்பர்கள். யார் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வான். "இவன்கிட்ட கடன் கேட்டா, கடன் கேட்டதையே திருப்பிச் சொல்லிட்டுப் போயிடுவான்டா" என்று கேலி செய்வார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் ஓர் அறையில் மட்டும் இந்தத் திறமைக்கு ஏக மரியாதை இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சமூகவியல் துறையின் பதினான்காம் எண் அறையில் பல மதங்களைச் சேர்ந்த மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நடைமுறை இதுதான். ஒருவர் பேசுவார், எதிரில் இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமா, அதுதான்" என்று சொல்லும்வரை விடக் கூடாது. நடுவில் தன் சரக்கு எதையும் சேர்க்கவும் கூடாது. விளக்கம், ஆறுதல், மன்னிப்பு, எதுவுமே கூடாது. மதத்தைப் பற்றி வாய் திறந்தால் ஐந்தாவது நிமிடம் சட்டையைப் பிடிக்கிற வயது. இப்படி ஒரு கடிவாளம் தேவைதான்.

விதிகளைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் டேப்தான். 'இந்த அறையில் சொன்னது இந்த அறையோடு' என்ற கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதினான். அச்சடித்த மாதிரி கையெழுத்து. எழுதி முடித்துத் தள்ளி நின்று ரசித்துக்கூடப் பார்த்தான்.

வட்டத்தில் 'பாஸ்டர் பொண்ணு' என்று ஒருத்தி. மருந்தியல் மூன்றாம் ஆண்டு. போதகரின் மகள் என்பதால் வந்த பெயர். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு முன் அந்த அறையில் அவளாகவே டேப்பிடம் சொன்னாள்.

"அண்ணன் பைக் ஆக்சிடெண்ட்ல போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னையிலேருந்து டெய்லி ஆறு மணிக்கு அம்மா போன் பண்ணுவாங்க, சேர்ந்து ஜெபம் பண்ண. எனக்கு ஜெபமே வரலடா. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு நோட்ஸ் எழுதுவேன். நடுநடுவுல ஆமென் சொல்வேன். அப்பா ஊருக்கே ஆறுதல் சொல்றவர், வீட்டுக்கு நேரமில்ல. அம்மாவுக்கு இருக்கிறது அந்தப் பதினஞ்சு நிமிஷம்தான். அதை எப்படி நான் உடைக்கிறது?"

டேப் திருப்பிச் சொன்னான். முதல் தடவையிலேயே அவள் கண் கலங்க, "ஆமா, அதுதான்" என்றாள். தொழுகை தவறாத தனக்கு, ஜெபம் வராத ஒருத்தியின் மனசு புரிந்துவிட்டதே என்று அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமைதான் வினையானது. போன திங்கட்கிழமை முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி. வட்டத்தை நடத்தும் பேராசிரியை மேடம் அவனை மேடை ஏற்றினார். முந்நூறு பேர். முதல் பத்து நிமிடம் அவன் பேச்சு எடுபடவே இல்லை. பாதிப் பேர் போனை நோண்டினார்கள், பின்வரிசையில் ஒருவன் குறட்டையே விட்டான். அப்போதுதான் அவன் வாயிலிருந்து அது வந்தது.

"ஒரு பொண்ணு. பேர் வேணாம்."

பெயரைச் சொல்லவில்லை, துறையைச் சொல்லவில்லை. பைக்கைச் சொன்னான், ஸ்பீக்கரைச் சொன்னான், நோட்ஸ் எழுதும் கையையும் இடையிடையே விழும் ஆமெனையும் சொன்னான். வழக்கம்போல ஒரு வார்த்தை பிசகவில்லை. அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். முடித்ததும் கைத்தட்டல் அடங்க நேரம் பிடித்தது. குறட்டைக்காரன்கூட எழுந்து நின்று தட்டினான். டேப் அன்று விடுதிக்குத் தரையில் கால் பாவாமல்தான் போனான்.

வியாழக்கிழமை ஜெராக்ஸ் கடையில் ஒரு முதலாண்டுப் பெண் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, திங்கட்கிழமை நீங்க சொன்னது எங்க அக்கா கதைதானே? நான் அவங்க சித்தி பொண்ணு. எங்க அம்மாகிட்ட சும்மாதான் சொன்னேன். அம்மா அடுத்த நாளே பெரியம்மாகிட்ட கேட்டுட்டாங்க. பெரியம்மா இப்போ அக்கா போனையே எடுக்கிறதில்லையாம்." அவள் குரல் நடுங்கியது. "என்மேலதான் தப்பா அண்ணா?"

"இல்லம்மா. உன்மேல இல்ல."

ஜெராக்ஸ் எடுத்த காகிதங்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

அன்று முழுக்கப் பாஸ்டர் பொண்ணுக்குச் செய்தி அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தான். 'பேரைச் சொல்லவே இல்லை' என்று அடித்தான்; படிக்கும்போதே அசிங்கமாக இருந்தது. 'நல்ல நோக்கத்தோடுதான்' என்று அடித்தான். அது பச்சைப் பொய். அவனுக்குக் கைத்தட்டல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் நெற்றி தரையில் பட்டபோது மன்னிப்புக் கேட்க நினைத்தான். மனுஷனுக்குச் செய்த தப்பை முதலில் அந்த மனுஷன்தான் மன்னிக்கணும் என்று வாப்பா சின்ன வயதில் சொன்னது குறுக்கே வந்து நின்றது.

அவள் வரமாட்டாள் என்று நினைத்தான். வரக் கூடாது என்றும் நினைத்தான், வெட்கமில்லாமல். ஐந்து நாற்பதுக்கு அவள் வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்து நேராக அவன் எதிரில் போட்டாள்.

"இன்னைக்கு நான் பேசறேன் மேடம். கேக்கறது இவன்."

மேடம் தலையசைத்தார்.

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு அம்மா போன் பண்ணாங்க. 'ரெண்டு வருஷமா நான் தனியாத்தான் ஜெபம் பண்ணிட்டிருந்தேனா?'ன்னு ஒரே ஒரு கேள்வி. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வெச்சுட்டாங்க. அப்புறம் போனே இல்ல. நான் பண்ணா எடுக்கல. அந்த விஷயத்தை நான் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். இந்த அறையில உக்காந்து சொன்னேன். அவன் அதைக் கொண்டுபோய் மைக்ல சொல்லி கைத்தட்டல் வாங்கிட்டான்."

டேப் தொடங்கினான். "நீ சொன்ன ஒரு விஷயம் வெளிய போயிடுச்சு. அதனால அம்மாவுக்கு உன்மேல வருத்தம்."

"இல்ல. அதுவா போகல."

வார்த்தை பிசகாதவனுக்கு முதல் தடவையாகப் பிசகியது. யாரோ நாற்காலியில் நெளிந்தார்கள்.

"நீ சொன்னதை நான் வெளிய சொன்னேன். பேர் சொல்லாமத்தான், ஆனா..."

"பேரைப் பத்தி நான் பேசவே இல்லயே. நீயா சேர்க்கிற."

அவளுக்குப் பின்னால் சுவரில் அவனுடைய அழகான கையெழுத்து தெரிந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. 'மன்னிச்சிடு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அவனுக்குப் பாரம் இறங்கும். இறக்கக் கூடாது என்று விதி எழுதியவனும் அவனே.

"நீ என்னை நம்பிச் சொன்ன," என்றான். "நான் அதை மேடையில சொல்லி கைத்தட்டல் வாங்கினேன். ரெண்டு வருஷமா தனியாத்தான் ஜெபம் பண்ணோமான்னு கேட்டுட்டு, உங்க அம்மா போனை வெச்சுட்டாங்க."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள். "அதுதான்."

மேடம் பேனாவை எடுத்தார், எழுதாமலே கீழே வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கால்களை மடக்கி அவளுக்கு வழி விட்டார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. போன் அவள் மடியில் இருந்தது.